எடுத்தவரும் எடுத்துட்டவரும்

போன வாரம் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக எனக்கு எழுதினீர்கள். மூன்று பேரும் எழுதியது ஒரே வரிதான். "அந்த ரிட்டயர்டு மேனேஜரை குரூப்ல இருந்து எடுத்துடு."

திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் நம் குழுவுக்கு நான்தான் அட்மின். விரலை வைத்து இரண்டு முறை தட்டினால் அவர் போய்விடுவார். நீங்கள் சொன்ன காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். சந்திரகிரிக் கோட்டையில், புதிதாக வந்த பெண்ணின் லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பொம்மைம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். யார் படம் போட்டாலும் அதன் மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "ஷார்ப் இல்லை" என்று அனுப்புகிறார். அவர் எடுக்கும் படங்களில் ஏரித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதைச் சொன்னால் நம் கழுத்து சாய்ந்திருக்கிறது என்கிறார். எல்லாம் உண்மை. நான்காவதாக நானும் ஒன்று சேர்க்கலாம். என் படம் ஒன்றுக்குக் கீழே, "நல்ல கேமரா, பாவம்" என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதியவர் அவர்.

அவரை எனக்குப் பிடிக்காது. இன்று நேற்றல்ல, பத்து வயதிலிருந்தே பிடிக்காது. சித்தூரில் என் அப்பாவோடு மோதிய ஒரு மேனேஜர்தான் இவர் என்பது உங்களுக்குத் தெரியாது. நான் இன்னார் மகள் என்பது அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நீங்களும் ஏறக்குறைய என் வயதுக்காரர்கள். வீட்டில் ஃபிலிம் ரோல் வாங்கியதைப் பார்த்த கடைசிப் பிள்ளைகள் நாம். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஆலோசனை கேட்டு எழுதவில்லை. முடிவு செய்தாயிற்று.

*

என் அப்பா, எனக்கு நைனா, சித்தூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவராக இருந்தார். அவர் சட்டையில் எப்போதும் ஃபிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டையிலும் அது இருந்தது. வாரம் முழுவதும் மற்றவர்களின் எலும்பைப் படம் எடுத்தவர், ஓய்வு நாளில் முகங்களை எடுக்க ஆசைப்பட்டார். அவரிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமராவும் இரண்டு லென்ஸ்களும் இருந்தன. ஒன்று ஐம்பது மில்லிமீட்டர், இன்னொன்று நூற்று முப்பத்தைந்து. எக்ஸ்ரே ஃபிலிம் டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, அவற்றின் நடுவே லென்ஸ்களைப் படுக்கவைப்பார். அந்தப் பெட்டியைத் தொட அம்மாவுக்குக்கூட அனுமதி இல்லை. எனக்கு மட்டும் இருந்தது, ஏனென்றால் நான் நோட்டு எழுதுகிறவள்.

ஃபிலிமுக்கு ஞாபகம் கிடையாது. எந்தப் படத்தை எந்த லென்ஸில், வெளிச்சத்துக்கு எவ்வளவு துளை திறந்து, என்ன வேகத்தில் எடுத்தோம் என்று ரோல் கழுவி வந்த பிறகு அதைக் கேட்க முடியாது. நைனா ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தியதும் எண்களைச் சொல்வார், நான் எழுதுவேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தேன். எண், லென்ஸ், துளை, வேகம், எடுத்தவர், குறிப்பு. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வெயில், மேகம் என்று ஏதாவது எழுதுவேன். பாப்பா எழுதினால் தப்பு வராது என்று நைனா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே பதவி அது.

சனிக்கிழமைகளில் கேமரா வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஊருக்கு வெளியே ஒரு மாம்பழ ஜூஸ் ஃபாக்டரியின் ஆபீஸ் ரூம்தான் இடம். ஃபாக்டரிக்காரர் நகரிப் பக்கத்துத் தமிழர், அவரும் கேமரா பைத்தியம். மே மாதத்தில் வாசலில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அழுகிய தோலின் இனிப்பு வாடை தொண்டைவரை வரும். ஈ மொய்க்காத லென்ஸ் மூடியே கிடையாது. நீங்கள் இப்போது சண்டை போடுகிற எல்லாவற்றுக்கும் அவர்கள் அங்கே சண்டை போட்டார்கள். ஜூம் நல்லதா, ஒற்றை லென்ஸ் நல்லதா. ஸ்டாண்டு வைப்பவன் சோம்பேறியா, வைக்காதவன் திமிர் பிடித்தவனா. பேசியது இரண்டு பேர், மற்றவர்கள் பக்கம் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நைனா. இன்னொருவர் இந்த மேனேஜர்.

அவர் அப்போது ஏதோ ஒரு பேங்க்கில் மேனேஜர். ஆறடி உயரம், தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், படிக்க வராது. அந்த வருஷம் புது டிஜிட்டல் கேமரா ஒன்றும், எல்லா தூரத்துக்கும் நீளும் தடியான ஜூம் லென்ஸ் ஒன்றும் வாங்கி வந்தார்.

லென்ஸின் கூர்மையைச் சோதிக்க அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. சுவரில் செய்தித்தாளை விரித்துக் குண்டூசி குத்தி, நேரே நின்று எடுப்பது. நைனா தமிழ்ப் பேப்பரைத்தான் குத்துவார். படம் வந்ததும் பூதக்கண்ணாடியால் மூலையைப் பார்ப்பார். மெய்யெழுத்துகளின் மேல் புள்ளி தெரிந்தால் லென்ஸ் நல்லது. புள்ளி கரைந்து 'க்' எல்லாம் 'க' ஆகியிருந்தால் லென்ஸ் மட்டம். "புள்ளி நிக்குதா?" என்பதுதான் அந்த ரூமில் கடைசித் தீர்ப்பு. மேனேஜரின் ஜூமில் புள்ளி நிற்கவில்லை.

"இன்னா சார் இது, மூலைல ஒரு புள்ளிகூட இல்ல. எல்லாம் ஓடிப்போய்க்கினு இருக்குது" என்றார் நைனா.

"மீ பாஷைல புள்ளிய கொசு முட்டை மாதிரி வெச்சுக்கினு என் லென்ஸை சொல்றீங்களா? தெலுகு பேப்பர் பெட்டண்டி, பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

தெலுங்குப் பேப்பரையும் குத்தினார்கள். அந்த எழுத்துகள் உருண்டையாக இருப்பதால் மங்கினாலும் படிக்க முடிகிறது, அது சோதனையே அல்ல என்று நைனா வாதாடினார். இரண்டு சனிக்கிழமைகள் இதிலேயே போயின. சிரித்துக்கொண்டு தொடங்கியதுதான். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜருக்குத் தன் கேமராவில் மிகவும் பிடித்தது அதன் அழிக்கும் பட்டன். குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டன். இரண்டு முறை அழுத்தினால் படம் இல்லாமல் போகும். எல்லோருக்கும் அதைச் செய்து காட்டினார், எனக்கும் காட்டினார். "தப்பா வந்துச்சா? தீசெய். பிடிக்கலையா? தீசெய்." தெலுங்கில் நீக்கிவிடு என்று அர்த்தம். சொல்லிவிட்டு என் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "இதுல எல்லா நம்பரும் கேமராவே எழுதிக்கும். பாப்பாவுக்கு இனிமே லீவு. போய் வெளாடச் சொல்லுங்க."

நான் நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டேன். அவரை நான் வெறுக்கத் தொடங்கிய நிமிஷம் அதுதான்.

*

ஃபாக்டரிக்காரர் அடுத்த வருஷக் காலண்டருக்கு ஒரு படம் வேண்டும் என்றார். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் எடுத்த படமாக இருக்க வேண்டும், எடுத்தவர் பெயரைக் கீழே போடுவேன் என்றார். சித்தூர் ஜில்லாவில் அவருடைய ஜூஸ் விற்கிற எல்லாக் கடையிலும் அந்தக் காலண்டர் தொங்கும். நைனாவின் பெயர் அதுவரை அச்சில் வந்தது எக்ஸ்ரே ரூம் பலகையில்தான், அதிலும் எழுத்துப்பிழை.

போட்டிக்கு மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்தார். "கேமரா முக்கியம் இல்ல, கைதான் முக்கியம்னு சொல்லிக்கினே இருக்கீங்களே. அப்போ ஒரே கேமரால எடுக்கலாம். என் கேமரா." நைனா உடனே, "அப்ப லென்சு என்னுது" என்றார். அவருடைய நூற்று முப்பத்தைந்து அந்தப் புது உடம்பில் சரியாகப் பொருந்தியது. ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், வெளிச்சத்தைக் கண்ணால் கணிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஏழு படம். முதலில் மேனேஜர், பிறகு நைனா. நோட்டு நான்.

சபையில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. கிறிஸ்தவர் வீட்டு ஆள் ஜாத்திரைக்குப் போகிறார் என்பது அவள் கவலை. கும்பிடவா போகிறேன், படம் எடுக்கத்தானே என்றார் நைனா. அவள் இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

திருப்பதித் தெருக்களில் அன்று வேப்பிலையும் பறையும் வெயிலும். நேர்ந்துகொண்ட ஆண்கள் புடவை கட்டி, சவுரி வைத்து, முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். மேனேஜர் கூட்டத்தைத் தன் உயரத்தால் தள்ளிக்கொண்டு முன்னால் போய், ஏழு படத்தையும் கால் மணி நேரத்தில் எடுத்து முடித்தார். நைனா நெடுநேரம் எடுக்கவே இல்லை. ஆறு படத்தை எடுத்துவிட்டு நின்றார். ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

பிறகு ஒரு மீசைக்காரர் வந்தார். மீசையை எடுக்காமலே சிவப்புப் புடவை கட்டி, முகம் முழுக்க மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார். இடுப்பில் அவருடைய சின்னப் பெண், கையில் குச்சி ஐஸ். அந்தக் குழந்தைக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை போல. ஐஸ் பட்டு ஈரமான உள்ளங்கையால் அவர் கன்னத்தைத் துடைத்தது. வண்ணம் விரலோடு வந்து உள்ளே இருந்த தோல் தெரிந்தது. குழந்தை அந்த இடத்தை உற்றுப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நைனா அழுத்தினார்.

"நூத்தி முப்பத்தஞ்சி. நாலு. எர்நூத்தம்பது" என்றார். பதினான்காம் வரியில் எழுதினேன்.

பிறகு அவர் கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையைப் பார்த்தார். தான் எடுத்த படத்தை எடுத்த நிமிஷத்திலேயே அவர் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எப்போதும் பத்து நாள் காத்திருந்து பழகியவர். என் உயரத்துக்குக் குனிந்து எனக்குக் காட்டினார். குழந்தையின் விரல்களின் நடுவே இருந்த கன்னத்தின் தோல்கூடத் தெரிந்தது. மேனேஜரும் பார்த்தார். "பாகுந்தி" என்று ஒரே வார்த்தை, நன்றாக இருக்கிறது என்று. சொல்லிவிட்டு மோர் குடிக்கலாம் என்று நைனாவைக் கூட்டிக்கொண்டு போனார். கேமரா என் கழுத்தில் தொங்கியது.

அப்போதுதான் அந்த மீசைக்காரர் குழந்தையோடு என் முன்னால் வந்து நின்றார். கிட்டத்தில் அந்த முகம் பயமாக இருந்தது. கேமராவைக் காட்டி, "ஃபோட்டோ தீசெய் பாப்பா" என்றார்.

எனக்குத் தெலுங்கு பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. ஆனால் கேமராவுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டது மேனேஜர் வாயில் மட்டும்தான். கேட்காமல் படம் எடுத்துவிட்டோம், கோபமாக இருக்கிறார், அழிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். குப்பைத்தொட்டி பட்டனை இரண்டு முறை அழுத்தினேன்.

"தீசேசாவா?" என்று கேட்டார். ஆயிற்றா என்று. தலையாட்டினேன். காட்டச் சொல்லிக் குனிந்து திரையைப் பார்த்தார். அதில் நைனாவின் ஆறாவது படம் இருந்தது, யாரோ ஒரு உடுக்கைக்காரர். மீசைக்காரர் சிரித்துவிட்டு, இரண்டடி பின்னால் போய், குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "இப்புடு தீசெய்" என்றார்.

அவர் கேட்டது படம் எடுக்கச் சொல்லி. தெலுங்கில் எடுத்துவிடு என்பதற்கும் நீக்கிவிடு என்பதற்கும் அதே சொல்தான். நம் தமிழிலும் அப்படித்தான். 'எடுத்துடு' என்றால் இரண்டும்தான்.

கேமராவைத் தூக்கி அழுத்தினேன். ஃபோகஸ் திருப்ப வேண்டும் என்பது அழுத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. மங்கலாக வந்தது. அவர் திருப்தியாகப் போய்விட்டார். நைனா திரும்பி வந்து கணக்கைப் பார்த்தார். நோட்டில் பதினான்கு, கேமராவில் பதினான்கு. சரியாக இருந்தது.

*

அடுத்த சனிக்கிழமை ஃபாக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டார்கள். அதுவரை கேமரா மேனேஜர் வீட்டில் இருந்தது. பதின்மூன்று படங்கள் போயின. பதினான்காவதாக அந்த மங்கல் வந்தது.

நைனா திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இது என் படம் இல்லை என்றார். ஃபாக்டரிக்காரர், "ஃபைல் நம்பர் ஒண்ணு தாண்டுது சார். நடுவுல ஒண்ணு போயிருக்குது" என்றார். எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

"நேனு எந்துக்கு அழிக்கிறேன்? எனக்கு அது அவசியமே இல்ல" என்றார் அவர். அழித்திருந்தால் வெறும் பதின்மூன்று அல்லவா இருக்க வேண்டும், வேறு படம் எப்படி வந்தது, அதே ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன் என்று கேட்டார். நியாயமான கேள்விகள். படம் எடுத்த நேரம் கேமராவிலேயே பதிவாகியிருக்கும், பாருங்கள் என்றார். பார்த்தார்கள். அவ்வளவு பெருமை பேசிய கேமராவில் அவர் கடிகாரத்தைச் சரிசெய்யவே இல்லை. ஏதோ ஒரு வருஷத்தின் ஜனவரி ஒன்று என்று காட்டியது. யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவர் தோற்றுப்போனார்.

நைனா என் நோட்டை வாங்கி மேஜை மேல் விரித்து வைத்தார். "பதினாலாவது வரி. பாப்பா எழுதினா தப்பு இருக்காது." பிறகு மேனேஜரின் முகத்துக்கு நேரே சொன்னார். "அந்தப் படத்த எடுத்தவன் நானு. எடுத்துட்டவன் நீ."

அதுவரை அவர் மேனேஜரை நீங்க என்றுதான் சொல்லிவந்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்காகப் பேச வேண்டியவள் நீதான் என்பது போல இருந்தது. ஒருவேளை வெறுமனே பார்த்திருக்கலாம். நான் என் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயத்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் எனக்கு லீவு கொடுக்கச் சொன்னவர். இன்று என் நோட்டு அவரை ஜெயித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மேனேஜர் கேபிளைப் பிடுங்கினார். நைனாவின் லென்ஸைக் கழற்றி, மூடி போடாமல் மாங்காய்ப் பிசுக்கு மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கூட்டம் கூடவில்லை. ஆளாளுக்கு ஒரு பக்கம் பேசி, தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருடன் மேனேஜர் என்று பேங்க்வரை பேச்சு போனது. கொஞ்ச நாளில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். காலண்டரில் ஒரு கூடை மாம்பழம் வந்தது, யார் எடுத்ததோ. நைனா கேமராவைத் தொடவில்லை. இப்போது அந்த நூற்று முப்பத்தைந்து லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னியிருக்கிறது.

*

போன ஞாயிறு சித்தூருக்குப் போயிருந்தேன். சபை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அந்த மேனேஜர் எங்கள் குழுவில் இருக்கிறார் என்று சொன்னேன். நைனா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "அந்த ஆள எடுத்துடு" என்றார். உங்கள் மூன்று பேருடைய அதே சொல்.

நான் சொல்லிவிட்டேன். "அந்தப் படத்த அழிச்சது நான்தான் நைனா."

"தெரியும்" என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும். அந்த மங்கல்ல கேமரா எங்க நின்னுச்சி? புடவ கட்டினவன் நெஞ்சுக்கும் கீழ. மேனேஜரு ஆறடி. இன்னா, முட்டி போட்டுக்கினு எடுத்தானா?"

"அப்ப ஏன் அவர அப்படிச் சொன்ன?"

"உன்ன கேட்டா நீ அழுவ. அவன சொன்னா அவன் கோவிச்சுக்குவான். கோவிச்சுக்கினு போனா போறான்னு இருந்துச்சி."

"துன்னும்போது இன்னா பேச்சு இது" என்றாள் அம்மா.

நான் இப்போது ஃபாக்டரி ஒன்றில் கைப்பேசிக் கேமராக்களைச் சோதிக்கிறவள். ஒரு படத்தைப் பார்த்துக் கேமரா எங்கே நின்றது, எந்தக் கோணம், எந்த உயரம் என்று சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அந்த மங்கல் படத்தை நானும் நூறு முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உயரத்தை மட்டும் பார்க்கவில்லை. நைனா என்னைக் காப்பாற்றினார் என்று திரும்பும் வழியில் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சந்திரகிரி வருவதற்குள் அது நிற்கவில்லை, மூலைப் புள்ளி போல ஓடிவிட்டது. அவருக்கு ஒரு ஆளை வெறுக்கக் காரணம் தேவைப்பட்டது. என் வாய் மூடியிருந்தது அவருக்கு வசதியாக இருந்தது. எனக்கும் அப்படித்தான். இத்தனை வருஷம் நான் மட்டும் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்று நினைத்தது அவர் கையிலும் இருந்திருக்கிறது, அவருக்குக் கனக்கவே இல்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் ஃபோன் செய்யவில்லை.

அதனால் மூன்று பேருக்கும் பதில்: எடுக்க மாட்டேன். அவர் நல்லவர் என்பதால் அல்ல. அவர் லென்ஸைப் பொம்மை என்பார், உங்கள் மூலைகளில் வட்டம் போடுவார், அவர் ஏரி சாய்ந்தே இருக்கும். அதற்காக அவரோடு சண்டை போடுங்கள், நானும் போடுவேன். ஒரு முறை செய்யாத காரியத்துக்காக ஒரு கூட்டத்திலிருந்து போனவர். இரண்டாவது முறை அந்தச் சொல்லுக்கு நான் கை வைக்க மாட்டேன்.

அவருக்குத் தமிழ் படிக்க வராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடும்போது, உங்கள் முன்னால் இதை நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன். அவர் என்ன செய்வார் என்று தெரியாது. என்ன செய்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவள் நான்.

அந்தப் படம் எங்கும் இல்லை. அதன் எண்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நேற்று நோட்டைப் பிரித்துப் பதினான்காம் வரிக்குப் போனேன். லென்ஸ் 135, துளை 4, வேகம் 250, எடுத்தவர் நைனா. குறிப்பு என்ற கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. 'அழித்தது நான்' என்று எழுதினேன். அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பதினைந்தாவது வரியும் போட்டேன். அதே லென்ஸ், அதே துளை, அதே வேகம். எடுத்தவர் நான். குறிப்பு: கேமரா நின்ற உயரம் நாலடிக்கும் கீழே.